கைராசியாவது, மண்ணாங்கட்டியாவது!

"அவங்க கை வச்சா காஞ்ச குச்சி கூட துளிர்க்கும்" என்று தெருவுக்கு ஒருவரைப் பற்றியாவது சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராசியான கை என்று ஒன்று இருந்தால், ராசியில்லாத கை என்றும் ஒன்று இருந்தாக வேண்டுமே! அந்தப் பட்டம் யாருக்குப் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

பெரும்பாலும் பெண்களுக்குத்தான். என் தோழி ஒருத்தி மாதத்தில் மூன்று நாள் வீட்டு மல்லிகைப் பந்தல் பக்கமே போகக் கூடாது. தொட்டால் செடி கருகிவிடுமாம். நட்ட குச்சி காய்ந்து போனால் "யார் தொட்டது?" என்பதுதான் முதல் கேள்வி. "யார் தண்ணீர் ஊற்ற மறந்தது?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

கைராசி என்று ஒன்று கிடையாது, நண்பர்களே. குச்சி, ஈரம், நிழல், பொறுமை. அவ்வளவுதான்.

ஒரு செம்பருத்திக் குச்சியை வெட்டியதும் என்ன நடக்கிறது? தளிரிலும் இளம் இலையிலும் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே போக வழியில்லை, அங்கேயே சேர்கிறது. அதன் தூண்டுதலால் அங்குள்ள செல்கள் பெருகிப் புது வேராகின்றன. 1930களிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்ட சங்கதி இது. ஆக்சினுக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது :-)

அப்படியென்றால் சிலர் நட்டால் மட்டும் ஏன் வருகிறது? அவர்கள் ஐப்பசி மழையில் நடுகிறார்கள், நாம் சித்திரை வெயிலில் நடுகிறோம். அவர்கள் பென்சில் கனத்தில், பாதி முற்றிய கிளையாகப் பார்த்து, மூன்று நான்கு கணு வருமாறு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுகிறார்கள். நாம் நுனிக் கொழுந்தைக் கிள்ளி வந்து, பூவும் மொட்டுமாக அப்படியே செருகுகிறோம். வேரே இல்லாத குச்சி அத்தனை இலைக்கும் எங்கிருந்து தண்ணீர் கொடுக்கும்? மேலே இரண்டு இலை போதும், மற்றதைக் கிள்ளிவிட வேண்டும்.

இன்னொன்று. நட்ட பத்தாம் நாள் துளிர் வந்தால் பிழைத்துவிட்டது என்று எண்ணி வெயிலில் தூக்கி வைக்கிறோம். அந்தத் துளிர் குச்சியில் சேமித்திருந்த உணவில் வந்தது. கீழே வேர் இன்னும் வந்திருக்காது. இரண்டே நாளில் வாடிவிடும். உடனே "கண்ணு பட்டுடுச்சு" என்போம். வேர் வந்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்க்கும் மகான்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் மல்லிகைக் குச்சிகளை வேர்விட வைத்து, கன்றாக விற்பதே ஒரு தொழில். ஒருவருடைய கைராசியை நம்பி ஒரு ஊரே தொழில் நடத்த முடியுமா?

"விஞ்ஞானமே சொல்லியிருக்கு" என்று இந்தத் தீட்டுக் கதைக்கு வக்காலத்து வாங்குபவர்களும் உண்டு. ஆமாம், 1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற மருத்துவர், மாதவிடாயில் இருக்கும் பெண் கையில் பிடித்த பூ வாடுகிறது, அதற்கு ஒரு நஞ்சுதான் காரணம் என்று எழுதினார். அந்த நஞ்சுக்கு 'மெனோடாக்சின்' என்று பெயர் கூட வைத்தார்கள். அப்படி ஒரு நஞ்சு இருப்பதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. படித்தவர் சொன்னாலும் மூடநம்பிக்கை மூடநம்பிக்கைதான்.

நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒரே செடியில் இருபது குச்சி வெட்டுங்கள். பத்தை உங்கள் வீட்டு 'ராசிக்காரர்' நடட்டும். பத்தை, தொடக்கூடாது என்று தள்ளி வைத்திருக்கிறீர்களே, அவர் அந்த மூன்று நாளிலேயே நடட்டும். ஒரே மணல், ஒரே நிழல், ஒரே அளவு தண்ணீர். எது யாருடையது என்று அடையாளம் வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள்.

அந்த இரண்டு மாதம் பொறுக்க முடியாதவர்கள், தயவு செய்து அந்தப் பெண்ணைப் பார்த்து "நீ தொடாதே" என்று சொல்லாமலாவது இருங்கள்.