ஆபீசர் ஆசாரி வேலை செய்யலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம தமிழ் நண்பர் ஒருவர் ராஞ்சியில் எங்கள் வீட்டுக்குக் குடும்பத்தோடு வந்தார். நான் பால்கனியில் பழைய பனியனும், மூஞ்சியில் மாஸ்க்கும், தலையெல்லாம் மரத்தூளுமாக உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு எலெக்ட்ரிக் கிடாரின் உடம்பு, பெயின்ட் பாதி உரிந்து சொறி பிடித்த மாதிரி.

"என்ன சார், பேங்க்ல ஆபீசர், வீட்டுல ஆசாரியா?" என்றார். காபி வந்ததும் தன் பையனிடம் திரும்பி, "ஒழுங்கா படிக்கலைன்னா நீயும் அங்கிள் மாதிரி இதத்தான் தேய்க்கணும்" என்றார். தமாஷாம். தங்கமணியும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. படித்தது பி.காம் ஆயிற்றே! என் மகனுக்காக வாங்கிய கிடார், விலை 7,000 ரூபாய். ஒரே குளிர்காலம் வாசித்தான். "கை குத்துதுப்பா" என்றான். "படிப்புலயும் சாக்கு, இதுலயும் சாக்கு" என்று திட்டினேன். அவன் அதைப் பரண்மேல் போட்டான். என்னிடம் எதையும் சொல்வதையும் அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

நாலு வருஷம் கழித்து நானே அதை இறக்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். உண்மையாகவே குத்தியது! குளிர்காலக் காய்ச்சலில் விரல் பலகை மரம் சுருங்கும், அதில் பதித்த உலோகக் கம்பிகள் சுருங்காது. அதனால் அவற்றின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். சின்ன அரத்தால் ஒரு மணி நேரம் ராவினால் சரியாகிவிடும். பையன் சொன்னது பொய்யே இல்லை. ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்திருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். பேப்பரில் எழுதியிருப்பதை மட்டும் நம்பும் உத்தியோகம், என்ன செய்ய.

அதற்கப்புறம் விடவில்லை. மேலே இருந்த கறுப்பு பாலியூரித்தேன் பெயின்ட், மிஸ்திரியிடம் இரவல் வாங்கிய ஹீட் கன்னுக்குத்தான் அசைந்தது. சூடு காட்டி, கொப்பளம் வந்ததும் பட்டைத் தகட்டால் நெம்ப வேண்டும். ஓர் இடத்தில் அதிகமாகக் காட்டி மரத்தைக் கருக்கினேன். உள்ளே மூன்று துண்டு மரத்தை ஒட்டிச் செய்த உடம்பு. 120, 220, 320 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்தேன். வரியோடு தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, பாலிஷ் போட்டதும் பல்லை இளிக்கும்.

பாலிஷுக்கு எங்கேயும் அலையவில்லை. நாட்டிலேயே அரக்கு அதிகம் விளையும் மாநிலத்தில் இருக்கிறோம். ராஞ்சி நாம்கும்மில் 1924-லேயே அரக்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். 'சப்டா' என்று கேட்டால் அரக்குச் செதில் தருவார்கள். ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தால் மெல்லிசாகப் பல பூச்சு. வால்யூம் திருகு கரகரத்தது, அதை மாற்றினேன். இரட்டைச் சுருள் பிக்கப் என்பதால் 500 கிலோ ஓம். இரைச்சலுக்கு உள்ளே செம்பு டேப். கம்பிகள் உட்பட மொத்தச் செலவு 1,900 ரூபாய்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். "படித்தவன் கைவேலை செய்யலாமா?" என்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். லியோ ஃபெண்டர் படித்தது கணக்கியல், நம்ம ஜாதி :-) கணக்கர் வேலை போனதும் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். திருகாணி போட்ட கழுத்தோடு அவர் 1950-களில் விற்ற கிடார்களின் வழியில் வந்ததுதான் என் மடியில் கிடந்ததும். இன்னொருவர் 'குயின்' குழுவின் பிரையன் மே. 1963-ல் தன் அப்பாவோடு உட்கார்ந்து, பழைய கணப்படுப்பின் மேல்சட்ட மரத்தில் கழுத்தும், மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கும் வைத்து ஒரு கிடார் செய்ய ஆரம்பித்தார். அதே ஆள் 2007-ல் வான் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். கை அழுக்கானால் மூளை மழுங்கும் என்று யார் சொன்னது?

நாம் ஊரைவிட்டு வரும்போது பருப்புப் பொடி, ஊறுகாயோடு இன்னொன்றையும் மூட்டை கட்டி வந்திருக்கிறோம். "அது அவங்க செய்ற வேலை" என்கிற எண்ணம். அந்த 'அவங்க' யார் என்று பிள்ளைகளுக்கு வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் காபி குடிக்கும்போது தமாஷாக ஊட்டிவிடுகிறோம். 2023-ல் வந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள், தச்சு உட்பட. அடமானம் இல்லாமல் முதல் தவணை ஒரு லட்சம், 5 சதவீத வட்டி. பேங்க்காரன் நான் அந்தக் காகிதத்தைப் பார்க்கிறேன். அந்தப் பதினெட்டில் ஒன்றையாவது நம் வீட்டுப் பிள்ளை விரும்பினால் வீடு சும்மா இருக்குமா?

"உங்களுக்கு இது பொழுதுபோக்கு, ஆசாரிக்குப் பிழைப்பு. ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் கருக்கினால் ஒரு கிடார் போகும், அவர் கருக்கினால் அன்றைய கூலி போகும். அதனால் நான் ஆசாரி ஆகிவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று ஞாயிறு தேய்த்தபிறகு, மிஸ்திரி சொல்லும் கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி என் வாய் வருவதில்லை. அந்த ஒரு பாடத்துக்கே 1,900 ரூபாய் மலிவு.

மகன் என்ன சொன்னான்? பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்றாவது ஞாயிறு தானாக வந்து உட்கார்ந்து, "அப்பா, இங்க இன்னும் சொரசொரன்னு இருக்கு" என்றான். உப்புத்தாளைக் கொடுத்தேன்.

நண்பர் கிளம்பும்போது அவர் பையன் பின்தங்கி நின்று அந்த மரத்தைத் தடவினான். "நானும் தேய்க்கட்டுமா அங்கிள்?" என்றான். "கை அழுக்காகும், வா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

சார், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த ஞாயிறு பையனை அனுப்பி வையுங்கள். உப்புத்தாளும் மாஸ்க்கும் என் செலவு. கை கழுவ சோப்பும் உண்டு.