ஆபரேஷன் பாரத்தில் அவசரக் கையெழுத்து: சட்டம் சொல்வது என்ன?

பெரிய ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் ஒரு பாரம் நீட்டுவார்கள். "ஹை ரிஸ்க் கேஸ்ங்க, இங்க கையெழுத்து போடுங்க" என்பார் நர்ஸ். பல இடங்களில் பாரம் இங்கிலீஷில் இருக்கும். படுக்கையில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் மகனோ, மருமகனோ கையெழுத்து போட்டு விடுவார்.

இது செல்லுமா?

1995-ல் டெல்லியில் 44 வயது பெண் ஒருவர் ரத்தப்போக்குக்காக தனியார் கிளினிக் போனார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்கு கையெழுத்து போட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே நின்ற தாயாரிடம் கையெழுத்து வாங்கி கர்ப்பப்பை, சினைப்பைகளை அகற்றி விட்டார்கள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு. தாயார் போட்ட கையெழுத்து செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தப் பெண் கண் விழிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றது கோர்ட்டு. டாக்டருக்கு பீஸ் கிடையாது, 25 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு. கர்ப்பப்பைக்கு விலை இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. டாக்டர் நல்லெண்ணத்தில் செய்தார் என்று கோர்ட்டு கருதியதால் தொகை குறைந்தது.

என்ன ஆபரேஷன், எதற்காக, வேறு வழி உண்டா, பெரிய ஆபத்து என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இத்தனையும் டாக்டர் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ ஆபத்தை எல்லாம் அடுக்க வேண்டியதில்லை.

கடைசிக் கேள்வியைத்தான் நம்ம ஆட்கள் கேட்பதே இல்லை. இதயமும் கிட்னியும் பலவீனமான 75 வயது பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் செய்தால் ஆயுள் கூடலாம். வென்டிலேட்டரில் நாள் கணக்கில் கிடக்கவும் நேரலாம். மாத்திரையோடு வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருந்தால் போதும் என்று அவர் நினைக்கலாம். அதை அவரைத் தவிர யாரும் சொல்ல முடியாது. வீட்டிலோ, நகையை அடகு வைக்க ஆள் கிளம்பியிருப்பார்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான். அதனால் கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்க. தமிழில் விளக்கச் சொல்லுங்க. அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுடணும், தியேட்டர் வாசலில் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். விபத்து மாதிரி உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டிய கேஸ் என்றால் விஷயமே வேறு, அங்கே தாமதித்தால் உயிர் போய்விடும்.

மற்றபடி, கையெழுத்து போட்ட பிறகு மனசு மாறினாலும், மயக்க மருந்து கொடுக்கும் வரை 'வேண்டாம்' என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு.