மீட்டரைக் கழற்றும் முன்...

தலைப்பைப் பார்த்ததும், "ஆண்டு மலரிலும் ஆட்டோமொபைல் பாடமா?" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. பாடம் இல்லை, நண்பர்களே. நான் செய்த ஒரு தப்பு. அதைச் செய்யும்போது, அது தப்பு என்றே எனக்குத் தெரியவில்லை.

போன விடுமுறையில் மதுராந்தகம் பக்கம் ஒரு ஷெட்டில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு நாள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று வந்து நின்றது. அந்த வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாம் ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னைக்குப் போகும்போது தாண்டுகிறோமே வண்டலூர், அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு, இங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக வந்தது. நாலு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டும்தான் செய்யப்பட்டது. சீமைக்காரன்கூட அதை ஓட்டியதில்லை! 1988-இல் கம்பெனி கதவு மூடியது. நம் மாவட்டத்துச் சாலையோரத்தில் பிறந்த வண்டி என்று சொந்தம் கொண்டாட நமக்கு உரிமை உண்டு.

வந்த வண்டி 1969 மாடல். ஓனர் ஓய்வு பெற்ற வாத்தியார். அவருடைய மகன், "பழைய முள்ளு மீட்டர் எதுக்கு? டிஜிட்டல் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி என்னைப் பார்த்து, "தம்பி, அதைக் கழட்டிப் போட்டுடு" என்றார். நானும் கழற்றினேன். கழற்றினேன் என்பதைவிடப் பிய்த்தேன் என்பதே சரி. பேட்டரியின் எர்த்தை எடுக்கவில்லை. கட்டிங் பிளேயரை விட்டு ஒயர்களை 'டிக் டிக்'கென்று வெட்டினேன். ஒரு பொறி பறந்தது, சிரித்துக்கொண்டேன். ஸ்பீடோமீட்டர் கேபிளின் நட்டு கையாலேயே திருகக் கூடியது. அதைப் பிளேயரால் நசுக்கினேன். எடுத்த மீட்டரைப் பழைய இரும்புப் பெட்டியில் போட்டேன். அடுத்த நாள் காயலான் கடை ஆள் பெட்டியோடு தூக்கிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் வாத்தியார் ஐயாவே வந்தார். கையில் ஒரு நீள நோட்டு. பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங். அந்தக் காலத்து மீட்டரில் கிலோமீட்டருக்கு ஐந்தே இலக்கம். 99,999 ஆனதும் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். அப்படி ஆன நாளில் "இரண்டாம் சுற்று" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். சில வரிகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள்: "காஞ்சிபுரம், பட்டு எடுக்க", "செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, பையன் பிறந்தான்". அன்றைய ரீடிங் எழுத டேஷ்போர்டைப் பார்த்தார். இருந்தது ஓட்டை. "ஏம்பா, அது எங்கே?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை.

புதுப்பேட்டை முழுக்க அலைந்து ஒரு ஹெரால்டு மீட்டர் வாங்கி வந்தோம். முள்ளு ஓடியது. ஆனால் அதில் இருந்த எண், யாரோ ஒருவர் எங்கேயோ ஓட்டிய தூரம்.

இதிலிருந்து என் கட்சி இதுதான்: பழைய வண்டியின் மீட்டரை அழகுக்காகவோ 'மாடர்ன்' ஆக்கவோ கழற்றக்கூடாது. ரிப்பேருக்குக் கழற்றலாம், அதைத் திரும்பப் பொருத்துகிற மாதிரி கழற்ற வேண்டும்.

எதிர்க்கட்சி வாதமும் எனக்குத் தெரியும். "ஸ்பேர் கிடைக்கலை, முள்ளு ஆடுது, ராத்திரி ஈ.சி.ஆரில் வேகம் தெரியாமல் ஓட்டச் சொல்றியா?" நியாயமான கேள்வி. மத்திய மோட்டார் வாகன விதி 117-ம் ஸ்பீடோமீட்டர் வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் முள்ளு ஆடுவதற்குப் பாதி நேரம் காரணம் மீட்டரே இல்லை. கிரீஸ் காய்ந்துபோன கேபிள். உள்ளே இருப்பதோ நாம் பிசிக்ஸில் படித்த சங்கதி: கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது, சுழல் மின்னோட்டத்தால் அலுமினியக் கிண்ணம் இழுபடுகிறது, மயிரிழை ஸ்பிரிங் அதைத் தடுக்கிறது. இதற்குப் போய் டிஜிட்டலா? அப்படியும் சரியாகாவிட்டால், ஜி.பி.எஸ். மீட்டர் ஒன்றைத் தனி ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளட்டுமே! டேஷ்போர்டை ஏன் அறுக்க வேண்டும்?

சட்டமும் ஓரளவு என் பக்கம். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனிப் பதிவெண் தரும் விதி 2021-இல் வந்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சேசிஸ், பாடி, இன்ஜினைத்தான் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, டேஷ்போர்டை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அசல் என்று சொல்லிக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எது?

சரி, கழற்றியே ஆக வேண்டுமென்றால்? முதலில் பேட்டரியில் எர்த் முனையை எடுங்கள். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். பார்த்துவிட்டுக் கை வையுங்கள். அம்மீட்டர் உள்ள வண்டியில் சார்ஜ் ஆகும் கரண்ட் முழுக்க அதன் வழியாகத்தான் போகும், அங்கே ஸ்பேனர் பட்டால் பொறியோடு நிற்காது. பின்னால் கையை விட்டுக் கேபிள் நட்டு, பல்பு ஹோல்டர், அதன்பின் வளைந்த கிளாம்பைப் பிடித்திருக்கும் நட்டுகள். ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எழுதுங்கள், செல்போனில் நாலு படம் எடுங்கள். பிரிட்டிஷ் வழி வண்டிகளில் நிறமே பேசும்: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் தாண்டி வருவது, சிவப்பு பார்க் லைட், கறுப்பு எர்த். பச்சையில் கறுப்புக் கோடு போனால் அது பெட்ரோல் டேங்குக்கு. அப்புறம், பல வண்டிகளில் பெட்ரோல் கேஜுக்கு முன்னால் சின்ன டப்பா மாதிரி ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். சுமார் 10 வோல்ட்தான் விடும். குப்பை என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டு நேராக இணைத்தால், டேங்கில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், ஜாக்கிரதை.

இதெல்லாம் தப்பு செய்த பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டவை. நம் லேபில் இன்ஜினைப் பத்து முறை பிரிக்கிறோம்; டேஷ்போர்டின் பின்பக்கத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பழைய டேஷ்போர்டு இரண்டு வாங்கி லேபில் வைக்க வேண்டும் என்று துறைத் தலைவருக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். இதுவரை பதினான்கு கையெழுத்து. போட விரும்புகிறவர்கள் மூன்றாமாண்டு வகுப்புப் பக்கம் வரலாம். பேனா நானே தருகிறேன்.