வெள்ளிக்கிழமைக்குள் என்றால் எப்போது?



'கிழமையில் என்ன இலக்கணம் வேண்டிக் கிடக்கு? சண்டே, மண்டே என்று மூணு வயசுக் குழந்தைகூடச் சொல்லுமே!' என்று நீங்கள் நினைக்கலாம். போன வருஷம் ஜூன் மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இங்கே மரக்காணத்தில், எங்கள் தெருவில் பல பேருக்கு உப்பளத்தில்தான் வேலை. விடியுமுன்னே போனால்தான் வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரை சேர்க்கலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாத்தியெல்லாம் தண்ணீர். சில மாசத்துக்கு வேலையே இருக்காது. ஆகவே கோடையில் ஒரு நாள் கூலியை விடுவதென்றால் அவர்களுக்கு மனசு வராது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சாயங்காலம் காகிதத்தோடு வந்தாள். மகளின் படிப்புக்கு உதவித்தொகை மனு. "அக்கா, நீ பன்னண்டாவது படிச்சவ. இதுல இன்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றாள். 'பிஃபோர் ஃப்ரைடே' என்றிருந்தது. நானும் பெரிய படிப்பாளி போல, "வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணுமாம்" என்றேன்.

"அப்போ வியாழன் வரைக்கும் வேலைக்குப் போயிட்டு, வெள்ளிக்கிழமை போறேன்கா" என்றாள். போனாள். மத்தியானமே திரும்பி வந்து, "நேத்தோட முடிஞ்சிருச்சாம்கா" என்றாள். அன்றைய கூலியும் போச்சு, அந்த வருஷத்து உதவித்தொகையும் போச்சு. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தல்.

என் தப்பு என்ன தெரியுமா? 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கு முன்னால், வியாழனோடு சரி. 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளியும் சேர்த்தி. நம் தமிழில் 'வெள்ளிக்குள்' என்றால் வெள்ளியும் உண்டு என்றுதானே காதில் விழும்? இரண்டுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் மகளின் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் நான் கற்றுக்கொண்டவை:

* கிழமைக்கு முன்னால் 'ஆன்' வரும், 'இன்' வராது. நம்முடைய 'திங்களன்று' என்பதில் வரும் 'அன்று'தான் அவர்களுடைய 'ஆன்' என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

* 'திஸ்', 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'எவ்ரி' வந்தால் 'ஆன்' வேண்டாம். 'லாஸ்ட் மண்டே' என்றாலே போதும்.

* 'ஆன் சண்டேஸ்' என்று கடைசியில் 'எஸ்' சேர்த்தால் ஞாயிறுதோறும் என்று அர்த்தம்.

* 'டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை தொடர்ந்து. ஊரில் தங்குவதற்கு 'டில்'. மனு கொடுப்பதற்கு 'பை'.

* வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் கிழமையின் முதல் எழுத்து பெரிய எழுத்துதான்.

* புதன்கிழமையின் எழுத்தில் குழந்தைகள் தடுமாறும். வாயால் 'வென்ஸ்டே' என்றாலும் மனசுக்குள் 'வெட்-நெஸ்-டே' என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வோடன் என்ற பழைய தெய்வத்தின் நாள் அது. ரோமர்கள் அதே நாளுக்குப் புதன் கிரகத்தின் பெயரை வைத்திருந்தார்கள். நமக்கும் அது புதன்தான்! இப்படிச் சொல்லிக் கொடுத்தால் குழந்தைகள் ஆசையாகக் கேட்கும்.

'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்பதில் மட்டும் ஜாக்கிரதை. வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்று இங்கிலீஷ்காரர்களுக்குள்ளேயே குழப்பம் உண்டு. பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதினாலும், குழந்தைக்கு ஊசி போடும் நாளைக் குறித்தாலும், கிழமையோடு தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

இந்த வருஷமும் காகிதம் வந்தது. 'பை வெட்னஸ்டே' என்றிருந்தது. "புதனும் சேர்த்திதான். ஆனா நீ செவ்வாயே போயிடு" என்று சொல்லி, காலண்டரில் தேதியையும் வட்டமிட்டுக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமையே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "இங்கிலீஷ் கத்துக்கினியோ இல்லியோ, புத்தி கத்துக்கினக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பாரம் கொஞ்சம் குறைந்தது.