சுவரை முதலில் போய்ப் பாருங்கள்

செவ்வாய் இரவு ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பது வினாடி. செபராங் ஜெயாவில் கோயில் சுவரை இடிக்கிறார்களாம், எல்லாரும் கிளம்பி வாருங்கள் என்று ஒருவர் மூச்சிரைக்கக் கத்துகிறார். விடிவதற்குள் ஏழு வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து அதே பதிவு வந்துவிட்டது. அனுப்பியவர்களில் இருவர் ஆசிரியர்கள்.

காலையில் போய்ப் பார்த்தேன். சுவர் அப்படியே நிற்கிறது. அதன் காலடியில் குழாய் மாற்றத் தோண்டிய பள்ளம், சுற்றிலும் ஆரஞ்சு வலை. எதிரே நாசி கண்டார் கடை பாய், "சத்தம் கேட்டதும் ராத்திரியே கோயில் ஐயருக்கு போன் போட்டேனே, லோங்காங் வேலைன்னு சொன்னார்" என்றார். பாய்க்குத் தோன்றியது நம் ஏழு குழுக்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

1998 மார்ச்சில் பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கம்போங் ராவாவில், கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே பெரும் பதற்றமானது. அன்றைய துணைப் பிரதமர் அன்வார் வந்து பேசவேண்டியிருந்தது. அன்று வாட்ஸ்அப் ஏது? வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் ஒரு கல்யாண வீடும் ஒரு சாவு வீடும் மோதிக்கொண்டதில் தொடங்கி 6 உயிர் போயிற்று. பெரும்பாலோர் நம் இனத்தவர். 2018-இல் சீபீல்ட் கோயில் கலவரத்தில் அடிபட்ட தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பரில் இறந்தார். வயது 24. உதவிக்கு வந்த பிள்ளை அவன்.

தம்பிகளே, அந்த நாற்பது வினாடியை அனுப்பிய விரலுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒன்று, நான் ஓயாமல் சொல்லிவருவதுதான். உங்கள் கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது? தோட்ட காலத்தில் வாய்ப்பேச்சாகக் கிடைத்த நிலம், தோட்டம் கைமாறினால் இன்னொருவர் சொத்து. சீபீல்டில் அடிப்படைச் சண்டையே நிலம்தான். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பத்ரகாளியம்மன் கோயில் நூறாண்டு கடந்தது. 2014-இல் நிலம் தனியாருக்கு விற்கப்பட்டு, 2025-இல் இடம் மாற ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பினாங்கில் 1906 முதல் இந்து அறப்பணி வாரியம் இருக்கிறது; நில விஷயத்தை அங்கேயும் கேளுங்கள். கும்பாபிஷேகத்துக்குச் சேர்த்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, நில அளவைக்காரரையும் வழக்கறிஞரையும் இந்த மாதமே பாருங்கள்.

அப்படியே எதிர்க்கடை பாயின் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.