சங்கத்துக்கு ஒரு சுமைவண்டி: டீசலா, பெட்ரோலா, காஸா?

சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சிறு சுமைவண்டி வேண்டும் என்பது அங்கத்தினர்களின் நியாயமான விருப்பமே ஆகும். நூல் பேல்களை ஆலையிலிருந்து கொண்டுவரவும், நெய்த துணியை விற்பனை நிலையத்தில் சேர்க்கவும் நெசவாளர் சங்கத்துக்கு வண்டி தேவை. உரமூட்டையைத் தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லவும், விளைந்த காய்கறியை வாடுவதற்கு முன்னே மண்டியில் இறக்கவும் விவசாயிகள் சங்கத்துக்கும் வண்டி தேவை. வாடகை வண்டியை எதிர்பார்த்து நிற்கும் சங்கம், சரக்கின் விலையை மட்டுமன்றித் தன் நேரத்தையும் பிறர் கையில் கொடுத்துவிடுகிறது. ஆதலின் வண்டி வாங்கலாமா என்பது பற்றி இங்கே நாம் விவாதிக்கவில்லை. எந்த எரிபொருளில் ஓடும் வண்டியை வாங்குவது என்பதே நம்முடைய கேள்வி.

இக்கேள்வி பெரும்பாலும் கூட்டத்தில் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. "டீசல் என்றால் சிக்கனம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று அனுபவமுள்ள ஒருவர் சொல்லுவார், பலர் தலையசைப்பார்கள், தீர்மானம் நிறைவேறிவிடும். அவ்வாறு சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அது முற்றிலும் உண்மை. அந்த உண்மை எந்தக் காரணங்களின்மேல் நின்றதோ அந்தக் காரணங்களிற் சில இப்போது மாறிவிட்டன என்பதையே நாம் எடுத்துக்காட்ட விரும்புகிறோம். வண்டிக்குப் போடும் பணம் ஒருவருடைய சொந்தப் பணமன்று. தறியில் அமர்ந்தவரும் ஏர் பிடித்தவரும் பங்குத்தொகையாகச் சேர்த்த பணம். அதில் தவறான கணக்குக்கு இடம் கொடுக்கலாகாது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடுவோம். அமெரிக்க நாட்டில் பெட்ரோலுக்குக் 'கேசலின்' என்று பெயர். அதைச் சுருக்கிக் 'கேஸ்' என்பார்கள். அங்கே 'கேஸ் வண்டியா, டீசல் வண்டியா' என்று வாதம் நடந்தால் அது பெட்ரோலைக் குறிக்குமேயன்றி நம் ஊரில் உருளையில் அடைத்து விற்கும் காஸைக் குறிக்காது. நாமோ பெட்ரோல், டீசல், அழுத்தப்பட்ட இயற்கை காஸ் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டியவர்களாக இருக்கிறோம்.

டீசல் எஞ்சினின் சிறப்பு எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை மட்டும் மிகக் கடுமையாக அழுத்தி, அந்த அழுத்தத்தால் உண்டாகும் சூட்டிலேயே டீசலைத் தெளித்து எரியச் செய்கிறார்கள். அழுத்தம் அதிகமாகும்போது எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் அதிகமாகிறது. அன்றியும், ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கூடுதல். இவ்விரண்டும் சேர்ந்தே டீசல் வண்டிக்கு லிட்டருக்கு அதிகக் கிலோமீட்டர் தருகின்றன. இந்த எஞ்சினை ஜெர்மன் பொறியியல் அறிஞர் ருடால்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியில் இவ்வகை எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்பது நம் கடலை விவசாயிகளுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

எஞ்சினின் இயல்பு மாறவில்லை; மாறியது விலை. 2012 மே மாதத்தில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியிருந்தது; டீசலோ 41 ரூபாய்க்கும் சற்றுக் குறைவாக இருந்தது. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம் இருக்கையில் டீசலைத் தவிர வேறொன்றைச் சிந்திப்பவர் யார்? பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010இலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. அதன்பின் இடைவெளி சுருங்கிற்று. 2024 மார்ச்சில் இரண்டுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் குறைக்கப்பட்டபோது, சென்னையில் பெட்ரோல் ஏறத்தாழ 101 ரூபாயாகவும் டீசல் ஏறத்தாழ 92 ரூபாயாகவும் நின்றன. முன்னே எரிபொருளின் மலிவும் எஞ்சினின் சிக்கனமும் சேர்ந்து லாபம் கொடுத்தன. பின்னே லாபத்தின் பெரும்பகுதி எஞ்சினின் சிக்கனத்திலிருந்தே வரவேண்டியதாயிற்று.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பின்வரும் எண்கள் வழியைக் காட்டுவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை; ஒவ்வொரு சங்கமும் தனக்குக் கிடைக்கும் உண்மை எண்களை இவ்விடத்தில் இட்டுக்கொள்ள வேண்டும். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் டீசல் வண்டி 18 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மேற்கண்ட விலைகளின்படி கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 7 ரூபாய்க்குச் சற்று மேல். டீசல் செலவு 5 ரூபாய்க்குச் சற்று மேல். மிச்சம் 2 ரூபாய். டீசல் எஞ்சினின் பராமரிப்புக்குக் கூடுதலாக 50 காசு கழித்தால் நிற்பது ஒன்றரை ரூபாய். டீசல் வண்டியின் விலை 90,000 ரூபாய் அதிகம் என்றும், அத்தொகை நூற்றுக்குப் பத்து வட்டியில் கடனாக வந்தது என்றும் கொண்டால், வட்டி மட்டும் ஆண்டுக்கு 9,000 ரூபாய்.

இனி இரண்டு சங்கங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றின் வண்டி நாளைக்கு 40 கிலோமீட்டர் வீதம் 300 நாள் ஓடுகிறது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். மிச்சம் 18,000 ரூபாய். வட்டி போக 9,000. கூடுதலாகப் போட்ட 90,000 ரூபாய் திரும்பிவரப் பத்தாண்டுகள் ஆகும்! அதற்குள் வண்டியே தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிடும். மற்றொன்றின் வண்டி நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடுகிறது, ஆண்டுக்கு 36,000. மிச்சம் 54,000 ரூபாய். வட்டி போக 45,000. போட்ட தொகை இரண்டே ஆண்டுகளில் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் சங்கத்துக்கு ஆதாயம். ஒரே டீசல் வண்டி ஒரு சங்கத்துக்குச் செல்வம். இன்னொரு சங்கத்துக்குச் சுமை. வட்டியைக் கணக்கில் சேர்க்காமல் "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்" என்று மட்டும் கேட்பவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

இந்த உண்மையை அமெரிக்க விவசாயிகளின் அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. அங்கே வைக்கோற்கட்டும் கால்நடையும் ஏற்றிய இழுவைப்பெட்டியைப் பிக்கப் வண்டியின் பின்னே பூட்டி நெடுந்தூரம் இழுத்துச் செல்வது வழக்கம். 1989ஆம் ஆண்டு டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் கம்பெனியாரின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் வைக்கப்பட்டபோது அதன் குதிரைச்சக்தி 160தான். ஆனால் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி. வேகத்தைத் தருவது குதிரைச்சக்தி. பாரத்தை நின்ற நிலையிலிருந்து அசைத்து மேட்டில் ஏற்றுவது தாழ்ந்த சுழற்சியிலேயே கிடைக்கும் முறுக்குவிசை. இதனால் பாரம் இழுப்போர் டீசலை விரும்பினர். எனினும் அந்நாட்டில் அண்மை ஆண்டுகளில் டீசல் பெட்ரோலைவிடப் பெரும்பாலும் விலை கூடுதலாக இருந்து வந்திருக்கிறது. பெரிய பிக்கப்களில் டீசல் எஞ்சினுக்காகப் பல ஆயிரம் டாலர் அதிகமாகவும் கொடுக்க வேண்டும். நாள்தோறும் பாரம் இழுப்பவர் அதை ஈடுகட்டிவிடுகிறார். மாதம் ஒரு முறை இழுப்பவரால் முடிவதில்லை. நம் நாட்டில் இழுக்கும் வேலையை டிராக்டர் பார்த்துக்கொள்ளுகிறது. சிறு வண்டி சுமப்பதோடு நிற்கிறது. கணக்கு மட்டும் எங்கும் ஒன்றே.

இனி நம்முடைய சுமை எத்தகையது என்று பார்ப்போம். சிட்ட நூல் பேல் ஒன்று 400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 181 கிலோ. நான்கு பேல் ஏற்றினால் 726 கிலோ. நம் மக்கள் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கும் முக்கால் டன் வண்டிக்கு அது நிறைந்த சுமை. நெசவாளர் சங்கத்துக்கு இத்தகைய பயணம் வாரத்தில் சில நாளே நேரும். துணி கொண்டு செல்லும் நாட்களில் வண்டியின் இடம் நிறையுமேயன்றிப் பாரம் நிறையாது. வழியும் பெரும்பாலும் சமவெளி. மேட்டுப்பாளையத்திலிருந்து உரம் ஏற்றி உதகைக்குப் போய், உருளைக்கிழங்கும் பூண்டும் ஏற்றித் திரும்பும் வண்டியின் நிலையோ வேறு. முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் அது ஏறவேண்டும். அவ்வுயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், காற்றூதி இல்லாத சாதாரண எஞ்சின் தன் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். டர்போ என்னும் காற்றூதியுள்ள டீசல் எஞ்சின் இந்நஷ்டத்தைப் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்ளும். மலைப்பாதையில் பாரம் சுமக்கும் விவசாயிகள் சங்கத்துக்கு டீசலே தகும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் எஞ்சின் வலிமையானது என்பதற்காக அளவுக்குமேல் ஏற்றலாகாது. எஞ்சின் இழுத்துவிடும், இறக்கத்தில் நிறுத்தவேண்டியது பிரேக். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி மிகைப்பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாயும் ஆகும். அபராதத்தைக் கட்டிவிடலாம், போன உயிரை மீட்க முடியாது.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிகள் இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தன. டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. அதில் சேரும் கரி, வண்டி தொடர்ந்து சில நேரம் ஓடி எஞ்சின் நன்கு சூடேறும்போது எரிந்து போகும். கடைவீதியிலே இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்று, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அக்கரி எரிய வாய்ப்பின்றி அடைத்துக்கொள்ளும். பிறகு பட்டறைச் செலவுதான். குறுகிய சுற்று ஓடும் சங்கங்கள் டீசலைப் பற்றித் தயங்குவதற்கு இது இரண்டாவது காரணம்.

இயற்கை காஸைப் பற்றி என்ன சொல்லலாம்? அதன் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினின் உடன்பிறப்பு. புகைக்கரி மிகக் குறைவு. எண்ணூரில் 2019இல் திரவ இயற்கை காஸ் நிலையம் திறக்கப்பட்டபின் நம் மாநில நகரங்களில் காஸ் பங்குகள் பெருகி வருகின்றன. ஆனால் காஸை 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் உருளையில் அடைத்துச் சுமக்க வேண்டியிருப்பதால் வண்டியின் எடையும் கூடுகிறது. இழுக்கும் வலிமையும் சற்றுக் குறைகிறது. மூன்றாண்டுக்கு ஒரு முறை உருளையைச் சோதனைக்குக் கொடுத்துச் சான்று பெறவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்தின் வாசலிலிருந்து காஸ் பங்கு எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று அளந்து பாருங்கள். காஸ் நிரப்பவே இருபது கிலோமீட்டர் போய்வரும் வண்டியில் சிக்கனம் ஏது? பங்கு அருகில் இருந்தால், சமவெளியில் ஓடும் நெசவாளர் சங்கத்துக்குக் காஸ் வண்டி நல்ல துணை. நாளொன்றுக்குக் குறைந்த தூரமே ஓடும் சங்கங்கள், 2022இல் அறிமுகமான மின்சாரக் குட்டி யானை போன்ற வண்டிகளையும் இக்கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நலம்.

ரூபாய்க் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. தறிக்கூடத்தின் பஞ்சுத் தூசியை நாள் முழுதும் சுவாசிக்கும் நம் சகோதரர்களின் சன்னலுக்கு நேரே, எஞ்சினை நிறுத்தாமல் பேல் இறக்கும் வழக்கம் உடனே ஒழியவேண்டும். எந்த வண்டி வாங்கினாலும் இது பொருந்தும். இதற்குக் காசு செலவில்லை.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது இது. வண்டிக்கான தீர்மானத்தை மகாசபையில் கொண்டுவருவதற்கு முன் மூன்று மாத காலம் சங்கத்தின் சரக்குப் போக்குவரத்தைக் காரியதரிசி ஒரு நோட்டில் எழுதிவரட்டும்: தேதி, தூரம், எடை, வாடகை. எடை தெரியாவிட்டால் எடைமேடையில் நிறுத்தட்டும். அந்த நோட்டை அங்கத்தினர் முன் வைத்தால் எந்த வண்டி என்பதை நோட்டே சொல்லிவிடும். தனித்தனியே பார்த்தால் ஓட்டம் போதாத நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் அருகருகே இருந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே டீசல் வண்டி வாங்கி நாளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நாற்பது கிலோமீட்டரும் எண்பது கிலோமீட்டரும் சேர்ந்தால் நூற்றிருபது. பத்தாண்டுக் கடன் இரண்டாண்டில் தீரும் என்று மேலே கண்டோம். கூட்டுறவின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறில்லை.

பக்கத்துச் சங்கத்தார் வாங்கினார்கள் என்பதற்காகவோ, வியாபாரி தவணை கொடுக்கிறார் என்பதற்காகவோ வண்டி வாங்கலாகாது. நம் சுமையும் நம் வழியும் நாமே அறிந்தவை. அவற்றை எழுதிக் கணக்கிட்டு முடிவு செய்யும் சங்கத்தின் வண்டி, எந்த எரிபொருளில் ஓடினாலும், அங்கத்தினரின் உழைப்பை வீணாக்காது. கூட்டுறவே நாட்டுயர்வு.