கணக்குப் பார்க்காமல் பழி போடலாமா?

எங்கள் வீட்டு லேப்டாப்பில் 'இடம் இல்லை' என்று அடிக்கடி எச்சரிக்கை வந்தது. என் கணவருக்கு வந்ததே கோபம்! "எல்லாம் உன் பிள்ளை கேம்ஸ் போட்டு ரொப்பி வெச்சிருக்கான்" என்று, எட்டாவது படிக்கும் மகனைத் திட்டித் தீர்த்துவிட்டார். "நான் ஒண்ணும் பண்ணலைம்மா" என்று அழுதுகொண்டே சாப்பிடாமல் படுத்துவிட்டான். ரிப்பேர் கடையிலோ, "புது டிஸ்க் போட்டுடலாம், 4,000 ரூபாய் ஆகும்" என்றார்கள்.

மளிகைக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலே விடாதவள் நான். பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, பேப்பரும் பேனாவுமாய் உட்கார்ந்துவிட்டேன்.

டிஸ்க்கின் மேல் 256 ஜி.பி. என்று போட்டிருந்தது, உள்ளே 238தான் காட்டியது. இதில் ஏமாற்று எதுவும் இல்லையாம். தயாரிப்பவர்கள் 1,000 கணக்கில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணுகிறது. காலி இடம் 4. மகன் பெயரில் நுழைந்து, கண்ணுக்குத் தெரிந்த ஃபோல்டர்களைக் கூட்டினால் 140தான். மீதி 94 எங்கே போனது?

செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதியைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தேடினோம். ரீசைக்கிள் பின்னில் 12. அழித்த ஃபைல்கள், அதைக் காலி செய்யும்வரை இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்குமாம். பழுது வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப, விண்டோஸ் சேமித்து வைத்திருந்தது 8. ஹைபர்னேட் செய்வதற்கான மறைவான ஃபைல் 3.

பாக்கி 71? "அக்கா, அண்ணன் பேருல தனி அக்கவுண்ட் இருக்கே! ஒருத்தர் பேருல நுழைஞ்சா, இன்னொருத்தர் ஃபைல் கணக்குல வராது" என்றாள் அந்தப் பெண். மாலையில் அவரே திறந்து பார்த்தார். அத்தனையும் அவர் இறக்கி வைத்த சினிமாப் படங்கள்!

மனிதர் வாயைத் திறக்கவில்லை. படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார். 4,000 ரூபாயும் மிச்சம்.

சகோதரிகளே, கம்ப்யூட்டர் நமக்குப் புரியாது என்று ஒதுங்காதீர்கள். வரவு, செலவு, மீதி பார்க்கத் தெரிந்தால் போதும். ஒன்று மட்டும்: மறைந்திருக்கிறதே என்று விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள், தெரிந்தவர்களைக் கேட்டுச் செய்யுங்கள். அதைவிட முக்கியம், கணக்கு இடித்தால் முதலில் கூட்டிப் பாருங்கள். பிள்ளைகள்மேல் பழி போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!

— ஒரு வாசகி, கும்பகோணம்